ஐம்பது முறை கவிழ்த்த குழாய்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு வேலை, ஆற்றல், திறன் பாடத்தை முடித்துத் தேர்வும் வைத்திருந்தேன். 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் போட்டேன். மறுநாள் ரப்பர் பந்து ஒன்றை மேசை உயரத்திலிருந்து விட்டேன். ஆறேழு முறை எழும்பி ஓய்ந்தது. "இதன் ஆற்றல் இப்போது எங்கே?" என்று கேட்டேன்.

"தீர்ந்துபோய்விட்டது சார்" என்றான் முன் பெஞ்சு மாணவன். வகுப்பே தலையாட்டியது.

தவறு என்னுடையது. 'உராய்வைப் புறக்கணிக்க' என்று தொடங்கும் கணக்குகளையே போட்டுப் பழக்கியிருந்தேன். கணக்கு எளிதாகிறது, உண்மைதான். ஆனால் ஆற்றல் மாறா விதியின் சுவாரசியமே அந்தப் புறக்கணித்த பகுதியில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் கண் பந்தின் மேலேயே இருந்தது. தரையையும் காற்றையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

விழும் பொருளின் ஆற்றல் வெப்பமாக மாறுவதைக் காட்ட, 1840களில் ஆங்கில இயற்பியலாளர் ஜூல் எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவற்றால் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, ஏறிய வெப்பத்தை அளந்தார். அந்தக் கருவி நம்மிடம் ஏது? பி.வி.சி. குழாய் ஒன்றில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு, இரு முனையையும் கார்க்கால் அடைத்தோம். குண்டுகள் விழும் தூரம் 1 மீட்டர். கைச்சூடு ஏறாமலிருக்கச் சாக்குத் துணி சுற்றினோம். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஐம்பது முறை கவிழ்த்தோம். ஒவ்வொரு முறையும் சடசடவென்று மழை கொட்டுகிற சத்தம். ஒரு கிலோ ஈயத்துக்கு 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × 1 மீட்டர் × 50 முறை, அதாவது 490 ஜூல் ஆற்றல். ஈயத்தின் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றல், ஏறக்குறைய 130 ஜூல். வகுத்தால் 3.8 டிகிரி ஏற வேண்டும். "எத்தனை கிலோ போட்டோம் என்பதே வேண்டாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இருபுறமும் நிறை அடிபட்டுப் போவதை அவளே கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்.

வெப்பமானியில் இரண்டரை டிகிரிதான் ஏறியிருந்தது. மீதி எங்கே என்று நான் கேட்பதற்குள், "குழாய்க்கும் கார்க்குக்கும் போயிருக்கும்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை முன் பெஞ்சு மாணவன் ஒரு தாளை நீட்டினான். வீட்டுக் கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார், தண்ணீர் ஏறும் உயரம் 20 மீட்டர், 1000 லிட்டர் தொட்டி. தேவைப்படும் வேலை 1,96,000 ஜூல்; மோட்டார் திறன் 3,730 வாட். 53 வினாடியில் நிரம்ப வேண்டிய தொட்டிக்கு இரண்டு நிமிடம் பிடித்திருக்கிறது.

"திட்டில் இறங்கி மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன் சார். சுட்டது. குழாய் வளைவில் தண்ணீர் மோதும் சத்தமும் கேட்டது. அதையும் எழுதியிருக்கிறேன்."