லைன் அறுந்தாலும் மணி அடிக்கோணும்

வன்னியில கிளை ஒபீசுகளின்ர போன் பாக்கிற வேலை எனக்கு. எல்லாம் ஐபி போன், அதாவது கொம்பியூட்டர் நெற்வேர்க்கில ஓடுற போன், அதுகளை நடத்துற சேர்வர் இருக்கிறது கொழும்பில, அதால முல்லைத்தீவுப் பக்கக் கிளையில பக்கத்து மேசைக்கு அடிச்சாலும் கொழும்பைக் கேட்டுத்தான் மணி அடிக்கும். பரந்தன் முல்லைத்தீவு றோட்டில எங்கயாவது மண் கிண்டுற பெக்கோ மெசின் ஃபைபர் கேபிளைக் கிழிச்சால் முழுக் கிளையும் ஊமைதான்.

அதுக்குத்தான் சிஸ்கோ ரவுட்டர்ல எஸ்ஆர்எஸ்டி எண்டு ஒண்டு இருக்கு. போன் 30 செக்கனுக்கு ஒருக்கா சேர்வரைக் கூப்பிட்டுப் பாக்கும், மூண்டு தரம் பதில் இல்லையெண்டால் கிளை ரவுட்டர்லயே போய்ப் பதிஞ்சிடும், வெளிக்கோல் எல்லாம் ரவுட்டர்ல குத்தியிருக்கிற சாதாரண செப்பு லைனால போகும். நானும் போட்டுக்குடுத்து, கொழும்புக்குப் போற வயரைக் கழட்டி, என்ர ஹான்ட்போனுக்கு ஒரு கோல் எடுத்துப் பாத்திட்டு, சரி எண்டு வந்திட்டன்.

அந்த மாரியில மழை அடிச்சு ஊத்தின ஒரு நாள் ஃபைபர் அறுந்துபோச்சு. எல்லாப் போனிலயும் ‘சிஎம் ஃபோல்பாக் சேர்விஸ் ஒப்பரேட்டிங்’, அதாவது மாற்றுவழி வேலை செய்யுது எண்டு வந்திருக்கு. காசு எடுக்க வந்த ஐயா ஒராள் கவுண்டருக்கு முன்னால மயங்கி விழுந்திட்டார். கிளையில வேலை செய்யிற அக்கா உடன 1990 அம்புலன்சுக்கு அடிச்சிருக்கிறா, போகேல்ல, திருப்பியும் அடிச்சிருக்கிறா, போகேல்ல. ஹான்ட்போனுக்கு உள்ளுக்க சிக்னல் இல்லை, ஒரு பெடியன் மழைக்க றோட்டுக்கு ஓடிப்போய்த்தான் எடுத்தவன். ஐயா தப்பிட்டார், சீனி குறைஞ்சதாம்.

"தம்பி, வேலை செய்யுது எண்டுதானே போன்ல எழுதியிருந்தது?" எண்டு அக்கா கேட்டா. எனக்குப் பதில் வரேல்ல.

பிழை என்ரதான். எங்கட கிளை நம்பருகள் ஒண்டில தொடங்கிற நாலு இலக்கம். லைன் இல்லாத நேரம் அதுகளை 021, 024 எண்ட ஊர்க்கோட் போட்ட முழு நம்பரா மாத்தி வெளிய அனுப்பச்சொல்லி ரவுட்டருக்கு எழுதிவச்சனான், 1990உம் ஒண்டில தொடங்கிற நாலு இலக்கம் எண்டது எனக்கு ஓடவே இல்லை. ரவுட்டர் அதை ஏதோ ஒரு கிளை எண்டு நினைச்சு இல்லாத நம்பருக்கு அனுப்பியிருக்கு. 1990க்குத் தனியா ஒரு வரி எழுத அஞ்சு நிமிசம் போகேல்ல, ஏனெண்டால் நம்பர் முழுசாப் பொருந்துற வரியைத்தான் ரவுட்டர் முதல் எடுக்கும். அந்த அஞ்சு நிமிசத்தை நான் முதலே செலவழிச்சிருக்கோணும், இண்டைக்கும் அது மனசில கிடக்கு.

2022இல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டேக்க இன்னொண்டும் விளங்கிச்சு, யூபிஎஸ் இறங்கினால் எஸ்ஆர்எஸ்டியும் இல்லை ஒண்டும் இல்லை. அதால செப்பு லைன் இருக்கிற கிளையளில ஒரு லைனை ரவுட்டருக்குக் குடுக்காமல் பழைய சாதாரண போன் ஒண்டில நேர குத்திவிட்டன், அதுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சில இருந்தே வயராலதான் வருது.

இப்ப மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, சனம் போனாப்பிறகு நான் வயரைக் கழட்டுவன், நம்பரை அடிக்கிறது அக்கா. 119 பொலிசுக்கும் 1990க்கும் "ரெஸ்ட் கோல், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு முதலே சொல்லிப்போடுவா. பிறகு வவுனியாக் கிளை, பிறகு வெளியில இருந்து ஒரு கோல் உள்ள வருதோ எண்டு. கடைசியா அந்தப் பழைய போனைத் தூக்கிக் காதில வச்சு, டயல் ரோன் கேக்குது எண்டு தலையாட்டினால்தான் நான் வயரைத் திருப்பிக் குத்துவன்.