இரண்டாம் குடித்தனம்

கணினியில் கை வைக்க மாட்டேன் என்று மனைவிக்கு நான் வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது விண்டோஸைத் தொட மாட்டேன் என்ற பொருளில் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ், அதே கணினியில் வேறு இடத்தில் அல்லவா குடியேறப்போகிறது? ஓர் அறையைத் தடுத்து வாடகைக்கு விடுவதற்காகத் தூங்குகிறவரை எழுப்புவானேன்?

இரவு பத்தரைக்குத் தொடங்கினேன். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு.

வன்தட்டில் 300 ஜிபி காலியாகக் கிடந்தது. லினக்ஸுக்காக அதில் 100 ஜிபியைப் பிரித்துத் தரும்படி விண்டோஸிடம் கேட்டேன். 38 ஜிபிதான் சுருக்க முடியும் என்று பதில் வந்தது. உறக்கநிலைக் கோப்பு, நினைவகம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தால், அவற்றைத் தாண்டி இடம் பிரிக்க முடியாது. பஸ்ஸின் பின்பாதி முழுக்கக் காலியாக இருந்தும், நடுவில் கம்பியைப் பிடித்து நிற்பவர் நகராததால் யாரும் உள்ளே போக முடியாத கதைதான். இரண்டையும் அணைத்து, மறுதொடக்கம் செய்து, மறுபடி கேட்டதும் 100 ஜிபி கிடைத்தது. வட்டைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் ஒரு வட்டுக்கு 4 முதன்மைப் பகிர்வுகள்தான். இப்போதைய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 வரை அனுமதிக்கிறது. நூற்று இருபத்தெட்டு குடித்தனங்கள்! அந்த எண்ணைப் படித்ததும் மனத்தில் எழுந்த ஆசையை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்து, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். அதற்கு எஃப் 2வா, எஃப் 12ஆ, எஸ்கேப்பா, டெலிட்டா? கணினிக்குக் கணினி மாறும். எல்லாவற்றையும் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் தட்டினேன். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற காவலையும் அணைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். எங்கோ யாரோ சொல்லியிருந்தார்கள். அதன்பின் லினக்ஸை நிறுவ இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து அமர்ந்துகொண்டது.

அத்துடன் படுத்திருக்கலாம். விண்டோஸ் நலமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தேன். நீலத்திரை வந்தது. வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி வேண்டுமாம். 48 இலக்கங்கள்.

கணினிக்குள் டிபிஎம் என்று ஒரு சில்லு இருக்கிறது. தொடங்கும் வழி நேற்றுப்போலவே இன்றும் இருந்தால்தான் அது சாவியை எடுத்துக் கொடுக்கும். நானோ செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, கிரப் என்ற புதியவரைக் கூட்டிக்கொண்டு, வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறேன். அது கதவைச் சாத்தியதில் தப்பே இல்லை. பிட்லாக்கரை முன்கூட்டியே தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்க வேண்டும். கையேட்டில் அது தெளிவாகவே இருக்கிறது. கையேட்டை நான் மறுநாள்தான் படித்தேன்.

கணினி வாங்கிய அன்றே மனைவி அந்தச் சாவியை அச்சிட்டுக் கோப்பில் வைத்திருந்தாள். "கணினிக்கும் ஜாதகமா?" என்று அன்று சிரித்தவன், கைபேசி வெளிச்சத்தில், பீரோ கிரீச்சிடாமல் அந்த ஜாதகத்தைத் தேடினேன். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்தது என்பதால், தப்பாக அடித்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்குப் பலமுறை தெரிந்தது. விண்டோஸ் திறந்தபோது மணி இரண்டரை.

இனி தடயங்களை அழிக்க வேண்டும். செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கினேன். தொடக்க வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தேன். எஃப் 12 அழுத்தினால் மட்டும் லினக்ஸ். இந்த மாற்றத்துக்கும் ஒருமுறை 48 இலக்கம் கேட்டது. அதற்குள் எனக்குப் பாதி மனப்பாடமாகியிருந்தது. காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆசை தீர லினக்ஸை ஒருமுறை திறந்து பார்த்து, அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை எட்டு மணிக்கு அவள் கணினியைத் திறந்தாள். நேராக விண்டோஸ் வந்தது. நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

"இரண்டரை மணியா?" என்றாள்.

செய்தித்தாள் என் கையிலிருந்து நழுவியது. "இரண்டரைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன். அந்தக் காகிதத்தைத் திரும்ப வைத்துவிட்டேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "எந்தக் காகிதம்?"

பிறகுதான் திரையைப் பார்த்தேன். கணினிக் கடிகாரம் 2:33 காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துக்கு வைக்கும்; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். படுப்பதற்கு முன் ஆசை தீரப் பார்த்தேன் அல்லவா, அப்போது மாறியிருக்கிறது. அவள் கேட்டது கடிகாரத்தைப் பற்றி மட்டும்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். 128 பற்றி மட்டும் சொல்லவில்லை. லினக்ஸுக்குள் போய், உள்ளூர் நேரத்தையே பின்பற்று என்று ஒற்றை வரிக் கட்டளை கொடுத்ததும் கடிகாரம் சரியாகிவிட்டது. அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். எந்த விசை அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் என்னென்ன மாற்றலாம் என்று அக்கறையாகக் கேட்டாள். ஆர்வம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து விரிவாக விளக்கினேன்.

இப்போது எஃப் 12 அழுத்தினால் கடவுச்சொல் கேட்கிறது. லினக்ஸ் 100 ஜிபியில் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நான்தான் வெளியே.