மூளை ஆபரேஷனுக்கு அப்புறம் அக்காவின் கையைச் சுட்ட வெளிச்சம்

அக்காவுக்கு மூளையில் வந்தது கிளையோமா வகைக் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் 5-ஏஎல்ஏ என்ற மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். பொடியைத் தண்ணீரில் கரைத்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில், மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பே கொடுத்துவிடுவார்கள். இந்த மருந்து தானாக ஒளிரும் சாயம் இல்லை. கட்டியின் செல்கள் இதைப் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம் போட்டால் அது சிவப்பாக ஒளிரும், எதுவரை வெட்டலாம் என்பது சர்ஜனுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 2017-லிருந்தும் ஐரோப்பாவில் அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தும் அனுமதி பெற்ற மருந்து. அக்காவின் கட்டியை நன்றாக எடுக்க முடிந்ததற்கு இது உதவியது, அதனால் மருந்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்தப் பொருள் தோலிலும் கொஞ்சம் தங்குகிறது. பலமான வெளிச்சம் பட்டால் அங்கேயும் வேலையைக் காட்டும். ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் 24 மணி நேரம், அமெரிக்கக் குறிப்பில் 48 மணி நேரம் வெயிலும் பலமான விளக்கும் படக்கூடாது என்று இருக்கிறது. எங்களுக்கு 48 என்றே சொன்னார்கள். ஐ.சி.யூ.வில் திரை போட்டு, விளக்கைக் குறைத்து, எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

மறுநாள் காலை எம்ஆர்ஐக்குக் கூட்டிப் போனபோதுதான் சிக்கல். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவருக்கு இந்த விஷயம் யாரும் சொல்லவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே பெரிய கண்ணாடி ஜன்னல், அதன் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். முந்தைய ஸ்கேன் முடிய நேரமாகிவிட்டது. "கை எரியுதுடா, யாரோ மிளகாய் தேச்ச மாதிரி இருக்கு" என்று அக்கா சொன்னபோது வெளியே எதுவும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் புறங்கை சிவந்து வீங்கியது, ஜன்னல் பக்கம் இருந்த கன்னமும் அப்படியே. மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த கேனுலா குழாயின் பிளாஸ்டரை மாற்றப் பிரித்தபோது, அதன் அடியில் இருந்த தோல் மட்டும் பிளாஸ்டரின் அளவுக்கு ஓரம் பிசகாமல் பழைய நிறத்தில் இருந்தது. போர்வைக்குள் இருந்த இன்னொரு கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோல் டாக்டர் வந்து, இது அலர்ஜி இல்லை, மருந்தும் வெளிச்சமும் சேர்ந்து தோலைச் சுட்டிருக்கிறது என்றார். கண்ணாடி தடுக்கவில்லையா என்று கேட்டேன். வெயிலில் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுக்குமாம், ஆனால் இந்தப் பொருளைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரிகிற ஊதா-நீல வெளிச்சம், கிட்டத்தட்ட 400 நானோமீட்டர் பக்கம், அது கண்ணாடி வழியாகத் தாராளமாக வரும். சாதாரண சன்ஸ்கிரீனும் இதைச் சரியாகத் தடுக்காது. துணியால் மூடுவதுதான் வழி.

ஈரத் துணி ஒத்தடம், வலி மாத்திரை, டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பு, அறையில் மங்கலான வெளிச்சம், இவ்வளவுதான் சிகிச்சை. கொப்புளம் வரவில்லை. அப்புறம் தோல் உரிந்து, கொஞ்ச காலம் கருமை இருந்தது. தலையில் அவ்வளவு பெரிய தையலோடு படுத்திருந்தவள் கை எரிச்சலால் தூங்காமல் கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய வலி அது.

இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை எல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். வெளிச்சம் ஆகாத எல்லா மருந்துக்கும் ஒரே கால அளவும் இல்லை. சில புற்றுநோய்களுக்கு ஒளி சிகிச்சையில் போடும் போர்ஃபைமர் சோடியம் ஊசி என்றால் குறைந்தது 30 நாள் வெயில் ஆகாது, ஆனால் இருட்டறையிலேயே கிடக்கவும் கூடாது, வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதனால் உங்களுக்குக் கொடுத்தது எந்த மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், எதுவரை வெளிச்சம் ஆகாது என்று கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலிலும் கேஸ் ஷீட்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவரிடம் நீங்களே வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு, கை, முகம் மறைகிற மாதிரி கெட்டியான போர்வையும் கொடுத்து அனுப்புங்கள்.