மெஸ் சாப்பாடும் எடைக் குறைப்பும்: காரைக்குடி நாட்குறிப்பு

14 ஜூலை 2025, திங்கள், காரைக்குடி

தணிக்கை வேலை தொடங்கிவிட்டால் எனக்கு மதியச் சாப்பாடு வெளியில்தான். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்ன பிறகும் அந்த நிலைமை மாறப்போவதில்லை. ஆகவே மெஸ்ஸை விடாமல், மெஸ்ஸிலேயே எப்படிச் சாப்பிடுவது என்று பழகி வருகிறேன்.

செட்டிநாட்டுச் சமையல் உடம்பைப் பெருக்கும் என்று சொல்கிறவர்கள் காரத்தையும் மசாலாவையும்தான் குறை கூறுகிறார்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் ஒரு குழம்பில் சேர்கிற அளவுக்கு யாருடைய எடையும் கூடிவிடாது. எடையைக் கூட்டுவது எண்ணெய். 1 கிராம் புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 கலோரி இருக்க, கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. இன்று மீன் குழம்பு வாளியில் நல்லெண்ணெய் பிரிந்து செக்கச் சிவந்து மேலே மிதந்தது. பரிமாறுகிறவர் கரண்டியை அந்தத் தெளிவிலேயே சாய்த்து மொண்டார். வாடிக்கையாளருக்குத் தெளிவை ஊற்றுவதுதான் அவருக்கு மரியாதை.

“அண்ணே, மேலே நிக்கிற எண்ணெயை ஒதுக்கிட்டு அடியிலேருந்து ஊத்துங்க” என்றேன்.

“அதுலதானே தம்பி ருசியே இருக்கு” என்றார். ஆனாலும் ஒதுக்கித்தான் ஊற்றினார். புளியும் பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு ஒரு குறையும் இல்லை.

16 ஜூலை, புதன், தேவகோட்டை

அளவில்லாச் சாப்பாட்டில் நம்மை அறியாமல் ஏறுவது சோறுதான். சாம்பாருக்கு ஒரு தடவை, குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் புதுச் சோறு விழுகிறது. 150 கிராம் வெள்ளைச் சோறு சுமார் 200 கலோரி. நான்கு தடவை வாங்கினால் கறி, கூட்டு எதையும் சேர்க்காமலே 800 ஆகிவிடும். நான் சோற்றை ஒரே தடவை வாங்கி, இலையிலேயே பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் குழம்புக்கும் மறு பாதியை ரசத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். மோரைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிடுகிறேன்.

அதைவிட முக்கியமானது, சோறு வருவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் சாப்பிடத் தொடங்குவது. காய்கறியும் புரதமும் முதலில் போய்ச் சோறு பின்னால் போனால், சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. வயிறும் முன்னதாகவே நிறைந்துவிடுகிறது. இன்றைய இலையில் வெண்டைக்காய் மண்டி இருந்தது. அரிசி கழுவிய கழுநீரில் புளி கரைத்து, வெண்டைக்காய் குழையாமல் வேகவைத்திருந்தார்கள். காய் ஒவ்வொன்றும் முழுதாக நின்றது. அதை மறுபடியும் கேட்டு வாங்கினேன். மறுசோறு போடுவதில் மகிழ்கிறவர்கள் மறுகாய் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை என்பதை, கேட்கத் தயங்குகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அசைவத்தில் எனக்குக் கோலா உருண்டை மிகவும் பிடிக்கும். ஆனால் கொத்துக்கறியைப் பொட்டுக்கடலையோடு அரைத்து எண்ணெயில் பொரித்தெடுப்பது அது. அதற்குப் பதில் நண்டு ரசமோ, குழம்பிலிருந்து எடுத்த மீன் துண்டோ கேட்கிறேன்.

18 ஜூலை, வெள்ளி, குன்றக்குடி

ஆடி மாதத்தின் முதல் வெள்ளி. கோயிலுக்குப் போய்விட்டு ஒரு சைவக் கடையில் சிற்றுண்டி. வெள்ளைப் பணியாரம் கண்ணுக்கு இட்லியைப் போல வெண்மையாகத் தெரிந்தாலும், பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவைக் காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுப்பது அது. மாவு நடுவில் உப்பி எழுந்து, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று நிற்கும் பதம் வந்தால் சமையல்காரர் கைதேர்ந்தவர் என்று பொருள். ஒன்று மட்டும் வாங்கி, மிளகாய்ச் சட்னியோடு மெதுவாகச் சாப்பிட்டேன். பிறகு இட்லி.

கவுனி அரிசி இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பரிசி உடலுக்கு நல்லது என்று எண்ணி அந்த இனிப்பைத் தாராளமாக வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அரிசி நல்லதுதான், சேர்ந்து வருகிற சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் எப்போதும் போலத்தான் வேலை செய்யும். உணவுப் பாதுகாப்புக்கான மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் நடப்பவையும் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊர் மெஸ்களுக்கு அது பொருந்தாது என்பதால், சமைக்கும் முறையைத் தெரிந்துவைத்திருப்பதே நமக்குப் பட்டியல்.

20 ஜூலை, ஞாயிறு, கானாடுகாத்தான்

உறவினர்களோடு விடுதியில் விருந்து. எண்ணெயையும் சோற்றையும்விடக் கடினமானது இதுதான். “இலையில வச்சதைத் தள்ளக் கூடாதுப்பா” என்று பெரியம்மா சொன்னால் மறுத்துப் பேச மனம் வராது. அந்தச் சொல்லில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. விழுந்த பிறகு ஒதுக்குவது மரியாதைக் குறைவு, விழுவதற்கு முன் இலைமேல் கையை நீட்டி “போதும்மா” என்பது அப்படியல்ல. இரண்டாவது பாயசத்தை அப்படித்தான் தடுத்தேன். பெரியம்மா அதைத் தன் பேரன் இலைக்குத் திருப்பிவிட்டார்.

21 ஜூலை, திங்கள், காரைக்குடி

காலையில் தராசு 1 கிலோ கூடுதலாகக் காட்டியது. அவ்வளவு கொழுப்பு ஒரே விருந்தில் சேராது. உப்பு மிகுந்த சாப்பாடு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கிறது. மாவுச்சத்து, உடம்பு சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை வடிவமாகச் சேரும்போதும் தன் எடையைவிட அதிகமான நீரைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டொரு நாளில் அது இறங்கிவிடும். மறுநாள் தராசைப் பார்த்துப் பட்டினி கிடக்க முடிவெடுப்பவர்கள் இதை அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வருகிறேன். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை.

இந்த வாரம் வேலை பள்ளத்தூரில். அங்குள்ள மெஸ் ஆச்சியிடம் தொலைபேசியில் பேசி, எனக்கு மட்டும் மீனைப் பொரிக்காமல் குழம்பில் போட்டு வைக்கும்படி சொல்லிவிட்டேன்.