நிக்கிற மரத்துக்கு என்ன விலை?

வெட்டாம காட்டுல நிக்கிற மரத்துக்கு எப்படி விலை போடுவாங்கன்னு ரொம்ப நாளா டவுட், இப்பதான் உக்காந்து படிச்சேன். கணக்கு பின்னாடியிருந்து வருது. துறைமுகத்துல அந்தத் தடி என்ன விலைக்குப் போகும்னு பாத்து, அதுல வெட்டுக்கூலி, இழுவை, ரோடு போட்ட செலவு, லாரி வாடகை, கான்ட்ராக்டரோட நியாயமான லாபம் எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் நிக்கறதுதான் மரத்தோட விலை. அதனால ஒரே ஜாதி, ஒரே பருமன்னாலும் ரோட்டோரம் நின்னா காசு, மலைக்கு அந்தப் பக்கம் நின்னா சில சமயம் ஒண்ணும் தேறாது.

மரத்தோட பருமனை அளவெடுக்கறதே ஒரு கூத்துங்க. வழக்கமா 1.3 மீட்டர் உயரத்துல எடுக்கணும், ஆனா மழைக்காட்டு மரம் பலதுக்கும் அடியில பலகை மாதிரி வேர் விரிஞ்சிருக்கும், அதுக்கு மேல போய்த்தான் டேப்பு பிடிக்கணும். உள்ள பொந்தா இருந்தா பல நேரம் வெட்டினப்புறம்தான் தெரியும் 😅

மேல சொன்ன கணக்குல மிச்சம் நிக்கற விலையைவிட கம்மியா அரசாங்கம் ராயல்டி (மரம் வெட்ட விடறதுக்கான கட்டணம்) வாங்கினா வித்தியாசம் கம்பெனி பாக்கெட்டுக்கு. இந்தோனேசியாவுல 1970, 80கள்ல மரம் வெட்டுற லைசென்ஸ் 20 வருஷம், ஒரு தடவை வெட்டின இடத்துக்கு மறுபடி வரவேண்டியது 35 வருஷம் கழிச்சு. அடுத்த வெட்டு தனக்கில்லன்னு தெரிஞ்சவன் பக்கத்துல நிக்கிற இளமரத்துக்கு அடிபடாம பாத்து பெரிய மரத்தைச் சாய்ப்பானா?