பாரிமுனையில் ஒரு கல்தூண்

பாரிமுனைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் வழிவிட்டே பொழுது போய்விடும். அண்ணாந்து எதையும் பார்க்க முடியாது.

ஜார்ஜ் டவுன் என்றதும் எல்லோரும் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைத்தான் படம் எடுக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் கல்தூண். பக்கத்தில் பஸ் ஏறுகிறவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள்; 1749-இல் அது மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டி நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடித்தார்கள், மீதியை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். எதிரி ஒளிந்து வர இடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். வீடிழந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் போனார்கள். அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். வெட்டவெளியில் மறுபடி யாரும் வீடு கட்டிவிடக் கூடாதென்று 1773-இல் ஆறு தூண்களை எல்லையாக நட்டார்கள். அதில் மிஞ்சியது இந்த ஒன்று. அந்தக் காலி இடத்தில்தான் 1892-இல் உயர் நீதிமன்றம் எழுந்தது.

சாமியும் இடம் மாற வேண்டியிருந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது இப்போதைய நீதிமன்ற வளாகத்தில். இடித்த பிறகு தேவராஜ முதலி தெருவில் சென்னமல்லீஸ்வரர் சன்னதியோடு சேர்த்துக் கட்டினார்கள். பூக்கடைப் பக்கம் பட்டணம் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

அர்மேனியன் தெருவில் 1772-ஐச் சேர்ந்த அர்மேனியர் தேவாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சத்தமெல்லாம் வாசலோடு நின்றுவிடுகிறது. காலடியில் கல்லறைப் பலகைகள், கொக்கி கொக்கியாக வளைந்த எழுத்துகள். உலகின் முதல் அர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் சென்னையிலிருந்துதான் வந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். இந்த ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மேற்கே வால்டாக்ஸ் ரோடு. ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அந்தச் செலவை மக்களிடமே வரியாக வாங்கப் பார்த்தார்கள். வரி வசூலாகவே இல்லை. வால் டாக்ஸ், அதாவது மதில் வரி என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன் மேலேயே பூங்கா போட்டு மாடிப் பூங்கா என்கிறார்கள். பாரிமுனையிலிருந்து நடந்தே போகலாம், வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால்.