வெயிலின் கணக்கில் ஒரு வீடு

எங்கள் குடும்பத்திற்கான வீட்டின் வரைபடம் இப்போதுதான் ஓர் உருவத்திற்கு வந்திருக்கிறது. பெரிய இயந்திரங்களை நம்பாமல், குளிர்காலத்தில் சூரிய வெப்பத்தை உள்ளே வாங்கவும் கோடையில் அதை வெளியிலேயே நிறுத்தவும் வேண்டும் என்பதால், அறைகளின் அளவைவிடச் சூரியனின் உயரத்தைப் பற்றியே கட்டடக் கலைஞரோடு அதிகம் பேசினோம்.

வடக்கே 40 பாகை அட்சரேகையில், நண்பகல் சூரியன் ஜூன் 21 அளவில் அடிவானிலிருந்து சுமார் 73 பாகை உயரத்திலும், டிசம்பர் 21 அளவில் சுமார் 27 பாகை உயரத்திலும் இருக்கும். இந்த வேறுபாட்டினால்தான், தெற்குச் சன்னலுக்கு மேல் சரியான நீளத்தில் அமைந்த சாதாரண சன்ஷேடு கோடை வெயிலை மறைத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடுகிறது. (தென் அரைக்கோளத்து நண்பர்கள் தெற்கை வடக்கு என்று மாற்றிப் படிக்கவும்.)

மாலை வெயிலோ தாழ்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடங்காது. ஆகவே, சூரியன் மறைவதைப் பார்க்கப் பெரிய சன்னல் வேண்டும் என்ற வீட்டாரின் விருப்பத்தையும் மீறி மேற்குச் சன்னல்களைச் சிறிதாக்கினோம். காலையில் அனைவரும் கூடும் சமையலறை தென்கிழக்கில் அமைகிறது. அதிகம் புழங்காத குளியலறையும் படிக்கட்டும் பொருள் அறையும் வடக்கில் குளிருக்குத் தடுப்பாக நிற்கும்.

பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிட, தெற்கு அறைகளுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் தடிமனில் கான்கிரீட் தரை போடுகிறோம். அதன்மேல் கம்பளம் விரித்தால் வெயில் தரையைத் தொடாது என்பதைக் குழந்தைகளுக்குப் புரியவைப்பதுதான் இன்னும் பாக்கி.